தடுக்கும் ஆற்றலை எண்ணால் அளத்தல்: முரளிதரனின் பந்துவீச்சுக் கணக்கு பற்றிய ஓர் ஆய்வு

விளையாட்டில் ஓர் அணியின் தாக்கும் வலிமையை அறிதல் எளிது. அதன் தடுக்கும் வலிமையை அறிதல் அரிது. தாக்குவோர் பெற்ற புள்ளிகள் கண்முன்னே நிற்கின்றன. சிறு பிள்ளையும் அவற்றை எண்ணிச் சொல்லும். தடுப்போரின் பெருமையோ எதிரி பெறாமற் போனவற்றில் அடங்கியிருக்கின்றது. நிகழ்ந்ததை எண்ணுதல் கைகூடும். நிகழாமற் போனதை எண்ணுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோர் வரலாறு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தது. அவ்வரலாற்றின் சிறந்த அதிகாரம் ஒன்று நமது கண்டி மாநகரத்தைச் சூழ்ந்த மலைநாட்டிலேயே எழுதப்பட்டதாகும்.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் அக்குறணை என்னும் வணிகப் பேரூர் உள்ளது. அவ்வூருக்குச் செல்வோர் இடைவழியில் மகாவலி கங்கையை அடுத்த கட்டுகஸ்தோட்டையைக் கடப்பர். அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானத்திலேதான் முத்தையா முரளிதரன் பந்துவீசக் கற்றார். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்த அவர், தேயிலைத் தோட்டத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரராவர். கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராயிருந்த அவரைப் பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1992ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பிலே தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடிய அவர், 2010 ஜூலையில் ஓய்வு பெற்றபோது 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகளைக் கைப்பற்றியிருந்தார். இன்றளவும் எவரும் எட்டாத எண் அது.

எண் பெரிது என்பதில் ஐயமில்லை. அவ்வெண் எதை அளக்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. ஏனெனின், இவ்வெண்ணைக் கொண்டு முரளிதரனை உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் என்போரும் உளர். இதே எண்ணைப் பிரித்துக் காட்டி, உள்ளூர் ஆடுகளங்களும் வலிகுன்றிய எதிரணிகளும் தந்த பரிசே இது என்போரும் உளர். இருசாராரும் புள்ளிவிபரத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். ஒரே ஏட்டிலிருந்து இரு முரண்பட்ட தீர்ப்புகள் பிறக்குமாயின், பிழை ஏட்டில் இல்லை. அதனைப் படிக்கும் முறையிலேயே உள்ளது.

விளையாட்டுக் கணக்கின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. இங்கிலாந்திற் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவிற் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் செய்தியாளர், பேஸ்பால் ஆட்டத்தின் நிகழ்ச்சிகளைச் சிறு அட்டவணையிற் சுருக்கித் தரும் முறையை 1859 அளவில் வகுத்தார். 1864இல் விஸ்டன் ஆண்டுமலர் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிற்று. சாட்விக்கின் முறையில் நாம் கருதத்தக்க ஒரு சிறப்புண்டு: களத்தடுப்பாளர் செய்த தவறுகளையும் அது தனியே பதிந்தது. கிரிக்கெட்டின் மதிப்பேடு அவ்வழக்கத்தை மேற்கொள்ளவில்லை. தவறவிடப்பட்ட பிடிக்கு அதில் இடமில்லை. இக்குறை பின்னர் எத்துணைப் பெரிய குழப்பத்தை விளைத்தது என்பதை அஸ்கிரிய மைதானத்து நிகழ்ச்சி ஒன்றிற் காண்போம்.

கிரிக்கெட்டில் தடுக்கும் அணியென்பது களத்தில் நிற்கும் அணியே. அதன் கருவி பந்துவீச்சு. பந்துவீச்சை அளக்க மூன்று அளவைகள் வழக்கில் உள்ளன. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி எனப்படும். ஒரு விக்கெட்டுக்கு வீசிய பந்துகள் எத்துணை என்பது இரண்டாவது. ஓர் ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்கள் மூன்றாவது. முரளிதரன் வீசிய பந்துகள் 44,039. கொடுத்த ஓட்டங்கள் 18,180. ஆகவே அவரது சராசரி 22.72, விக்கெட் ஒன்றுக்கு 55 பந்துகள், ஓவருக்கு 2.47 ஓட்டங்கள்.

இவ்வளவைகளைத் தனியே நிறுத்திப் பார்ப்பதில் உள்ள இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1886 முதல் 1896 வரை இங்கிலாந்துக்காக 18 டெஸ்டுகள் ஆடிய ஜோர்ஜ் லோமன் 112 விக்கெட்டுகளை 10.75 என்னும் சராசரியிற் பெற்றார். அவர் முரளிதரனைவிட இருமடங்கு சிறந்தவர் என்று எவரும் கூறத் துணியார். மூடப்படாத ஆடுகளங்களில் மழை பெய்து காய்ந்த மண்ணில் ஆடிய காலம் அது. துடுப்பாட்டக்காரர் அனைவரும் குறைந்த ஓட்டங்களே பெற்றனர். எனவே சராசரி என்பது அக்கால ஆட்டத்தின் பொதுநிலையோடு ஒப்பிட்டே பொருள் தரும். இத்தகைய சிக்கல்களைக் கணிதப் புலவரும் கருதாமல் விடவில்லை. 1945இல் எல்டர்ட்டனும் வூட்டும் கிரிக்கெட் ஓட்டங்களின் பரம்பல் குறித்து அரச புள்ளிவிபரக் கழகத்தின் ஏட்டில் கட்டுரைகள் வரைந்தனர். ஆயின் அவர்தம் நோக்கம் துடுப்பாட்டத்தின் மீதே சென்றது. தடுப்போர் அங்கும் புறக்கணிக்கப்பட்டனர்.

தடுப்பாற்றலை அளக்கும் சிக்கல் மிகக் கூர்மையாகத் தோன்றிய இடம் அமெரிக்கக் கால்பந்தாட்டமாகும். நம் நாட்டில் அவ்வாட்டம் வழங்காதாகலின் அதன் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். 100 கெஜ நீளமான களத்தில், பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுள் 10 கெஜம் முன்னேறின் மீண்டும் நான்கு முயற்சிகள் கிட்டும். தடுக்கும் அணி அம்முன்னேற்றத்தை மறிக்கும். அந்நாட்டுச் சங்கம் தடுப்பணிகளை வரிசைப்படுத்துங்கால், ஒவ்வோரணியும் ஆட்டம் ஒன்றுக்கு எத்துணைக் கெஜங்களை விட்டுக்கொடுத்தது என்பதையே நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டு வந்துள்ளது.

2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பல்ற்றிமோர் அணியினர் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தனர். பதினாறு ஆட்டப் பருவங்களில் அதனினும் குறைவாகக் கொடுத்தார் எவருமிலர். 1985ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சிக்காகோ அணிகூட 198 கொடுத்தது. எனினும் கெஜக் கணக்கில் 2000ஆம் ஆண்டின் முதலிடம் பல்ற்றிமோருக்குக் கிட்டவில்லை. டென்னசி அணிக்கே கிட்டியது. டென்னசி விட்டுக்கொடுத்த புள்ளிகளோ 191. எந்தக் கணக்கு மெய்? நடுக்களத்தில் இடங்கொடுத்து எல்லைக்கோட்டருகே இரும்புச் சுவராய் நிற்பவன் கெஜக் கணக்கில் தோற்பான். புள்ளிக் கணக்கில் வெல்வான். மறுபுறம், பந்தை எளிதிற் பறிகொடுக்கும் தன் அணியினரால் எல்லைக்கோட்டின் அருகிலேயே தடுப்பைத் தொடங்க வேண்டியவன், சிறிதளவு கெஜமே கொடுத்தும் பெரும் புள்ளியை இழப்பான். பல்ற்றிமோர் அவ்வாண்டில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தன் தாக்கும் படையால் ஒரு முழுக்கோடு கடத்தலையும் செய்யவில்லை. அந்நிலையிலும் அதன் தடுப்பு நிலைகுலையாமையே வியப்புக்குரியது. 1988இல் கரொல், பாமர், தோர்ன் என்னும் மூவர் எழுதிய நூலொன்று, ஒவ்வொரு முயற்சியையும் அது நிகழ்ந்த நிலைமையோடு சேர்த்தே மதிப்பிடல் வேண்டுமென வற்புறுத்தியது. பின்வந்தோர், எதிரணியின் வலிமையையும் கணக்கிற் சேர்த்தனர்.

அமெரிக்க ஆய்வாளர் கண்ட உண்மைகளைச் சுருங்கக் கூறின் இவையே: மொத்தம் வேறு, விகிதம் வேறு, நிலைமையறியாத எண் ஊமை, எதிரி யாரென்று அறியாமல் தடுப்பை மதித்தல் ஆகாது. இவற்றுள் முதலாவதை அக்குறணை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும் நாட்களில் அவ்வூர்க் கடைவீதி நீரில் மூழ்குவதுண்டு. ஆண்டு முழுவதும் பெய்த மழையின் மொத்தத்தைக் கொண்டு அவ்வெள்ளத்தைக் கணித்தல் இயலாது. சில மணி நேரத்துள் எத்துணை பெய்தது என்பதே கடைக்காரர் தம் சரக்கை மேலேற்றுவதா, விடுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இவ்வளவுகோல்களை இனி முரளிதரனின் கணக்குக்குப் பொருத்துவோம். அவரோடு ஒப்பிடத்தக்கவர் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன். அவர் 145 டெஸ்டுகளில் 40,705 பந்துகள் வீசி, 17,995 ஓட்டங்கள் கொடுத்து, 708 விக்கெட்டுகள் பெற்றார், சராசரி 25.41. டெஸ்ட் ஒன்றுக்கு முரளிதரன் 6.0 விக்கெட், வோர்ன் 4.9 விக்கெட். இவ்வேற்றுமை மிகப் பெரிதாகத் தோன்றும். ஆனால் பந்துக் கணக்கை நோக்குக. முரளிதரன் ஒரு டெஸ்டில் ஏறத்தாழ 331 பந்துகள் வீசினார், வோர்ன் 281. வோர்ன் தமது விகிதத்திலேயே 331 பந்துகள் வீசியிருப்பின் 5.8 விக்கெட் பெற்றிருப்பார். ஆதலின், இருவரிடையே காணும் வேற்றுமையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டது வாய்ப்பின் வேற்றுமையே.

வாய்ப்பு எங்கிருந்து வந்தது? வோர்ன் ஆடிய அணியில் கிளென் மக்ராத் இருந்தார். இருவரும் சேர்ந்து ஆடிய 104 டெஸ்டுகளில் 1001 விக்கெட்டுகளைப் பகிர்ந்தனர். முரளிதரனுக்குத் துணைநின்றவர் சமிந்த வாஸ். 111 டெஸ்டுகளில் 355 விக்கெட் பெற்ற உறுதியாளர். அவரைத் தவிர நீண்டகாலம் நிலைத்த துணை பிறிதில்லை. ஆகவே பந்து மீண்டும் மீண்டும் முரளிதரனிடமே வந்தது. இதனைக் கொண்டு அவர் புகழைக் குறைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரு டெஸ்டுக்கு 55 ஓவர் வீதம் பதினெட்டாண்டுகள் வீசியும், ஓவருக்கு இரண்டரை ஓட்டத்துக்கு மேற்படாமற் காத்தலை வாய்ப்பு என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. துணையுடைய பந்துவீச்சாளனைத் துடுப்பாட்டக்காரர் தப்பவிட்டு மறுமுனையில் அடிபட நேரும். துணையற்றவனையோ அவர்கள் தடுத்தாடிக் கடத்திவிட்டு மறுமுனையில் ஓட்டம் சேர்ப்பர். தம்மைக் கடத்திவிடவே உறுதிபூண்டு நின்றோரை அவர் வீழ்த்தினார்.

அடுத்து, களம் பற்றிய குற்றச்சாட்டு. இலங்கையில் ஆடிய 73 டெஸ்டுகளில் அவர் 493 விக்கெட்டுகளை 19.56 சராசரியிற் பெற்றார். வெளியில் ஆடிய 60 டெஸ்டுகளில் 307 விக்கெட், சராசரி 27.79. வோர்னோ தம் நாட்டில் 319 விக்கெட்டுகளை 26.39 சராசரியிலும், வெளிநாடுகளில் 389 விக்கெட்டுகளை ஏறத்தாழ 24.6 சராசரியிலும் பெற்றவர். இவ்வளவில் நிறுத்தின் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். ஆயின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: வோர்ன் பெற்ற வெளிநாட்டு வெற்றிகளில் இலங்கை மண்ணுக்குரிய பங்கு யாது? இலங்கையில் 9 டெஸ்டுகள் ஆடிய வோர்ன் 48 விக்கெட்டுகளை 20.45 சராசரியிற் பெற்றார். முரளிதரனின் உள்ளூர்ச் சராசரிக்கும் இதற்கும் இடையே ஓர் ஓட்டமே வேற்றுமை. இலங்கை மண் இருவருக்கும் ஒப்ப உதவியதென்பது தெளிவு. முரளிதரன் அம்மண்ணிற் பிறந்தது அவர் குற்றமன்று. வோர்ன் சுழலுக்கு இசையாத நாட்டிற் பிறந்தும் அத்துணை விக்கெட் பெற்றமை அவர்க்குத் தனிப்பெருமை என்பதையும் நேர்மையுடையோர் ஒப்புதல் வேண்டும்.

வெளிநாட்டுக் கணக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டுதல் பிழை. இங்கிலாந்தில் முரளிதரன் 6 டெஸ்டுகளில் 48 விக்கெட்டுகளை 19.20 சராசரியிற் பெற்றார். இது அவர் தம் நாட்டிற் பெற்றதினும் சிறந்தது. இந்தியாவில் 11 டெஸ்டுகளில் 40 விக்கெட், சராசரி 45.45. அவுஸ்திரேலியாவில் 5 டெஸ்டுகளில் 12 விக்கெட், சராசரி 75.42. இந்தியாவில் அவர் தடுமாறினார் என்பது மெய்யே. அதனை மறைத்தல் வேண்டா. சுழற்பந்தைத் தொட்டிற் பருவத்திலிருந்தே கண்டு வளர்ந்தோர் முன் வோர்னும் தப்பவில்லை. அந்நாட்டில் அவரது சராசரி 43.11. அவுஸ்திரேலியக் கணக்கோ வேறு வகையது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்தே போட்டிகள். அவற்றுள் ஒன்று 2005இல் உலக அணிக்காக ஆடியது. ஐந்து போட்டிகளைக் கொண்டு ஒரு பந்துவீச்சாளனின் தகுதியைத் தீர்மானித்தல், நெற்போரில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து விளைச்சலை அறுதியிடுவதை ஒக்கும். போட்டிகள் அத்துணைக் குறைவாயின் காரணம் என்ன என்பதையும் வரலாற்று மாணவர் கேட்டல் வேண்டும். 1982 பெப்ரவரியிலேயே தன் முதல் டெஸ்டை ஆடிய சிறு நாட்டுக்குப் பெரிய நாடுகள் நீண்ட தொடர்களை அளித்ததில்லை. அழைப்பவர் கையிலேயே கணக்கேட்டின் பக்கங்களும் இருந்தன.

வலிகுன்றிய அணிகளுக்கெதிரான விக்கெட்டுகள் என்னும் தடைக்கு வலுவுண்டு. பங்களாதேஷுக்கு எதிராக 11 டெஸ்டுகளில் 89. சிம்பாப்வேக்கு எதிராக 14 டெஸ்டுகளில் 87. இவ்விரண்டும் சேர்ந்து 176. வோர்னுக்கு இவ்வணிகளிடமிருந்து கிடைத்தவை 17 மாத்திரமே. 176ஐயும் நீக்கிக் கணக்கிட்டால் முரளிதரனுக்கு 108 டெஸ்டுகளில் 624 விக்கெட் எஞ்சும். சராசரி ஏறத்தாழ 24.9 ஆகும். அவர் மேன்மை குறைகின்றது, மறையவில்லை. அத்துடன் மற்றொன்றும் நோக்கத்தக்கது. தம் காலத்தின் மிக வலிய துடுப்பாட்ட அணிக்கு எதிராக வோர்ன் ஒருபோதும் பந்துவீச நேர்ந்ததில்லை; அது அவர் சொந்த அணியே. மெலிந்த எதிரியைக் கழிப்போர் வலிய எதிரியையும் கணக்கிற் கொள்ளல் நீதி.

வெற்றிகளுக்கும் விக்கெட்டுகளுக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பலர் கூறுவதில் ஒரு மயக்கம் உள்ளது. முரளிதரன் ஆடி வென்ற 54 டெஸ்டுகளில் அவர் பெற்றவை 438 விக்கெட். அதாவது போட்டி ஒன்றுக்கு எட்டுக்கு மேல். அவரது திறமையாலேயே வெற்றி வந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் டெஸ்டில் வெற்றி பெற வேண்டுமாயின் எதிரணியின் இருபது விக்கெட்டையும் பெரும்பாலும் வீழ்த்தியே ஆகல் வேண்டும். தோற்கும் போட்டியிலோ ஓரணி ஒருமுறை மாத்திரம் பந்துவீசி அமைவதுமுண்டு. எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கும் வெற்றிகளில் உயர்ந்தே காணப்படும். இவ்வெண் மெய், அதிலிருந்து வருவிக்கும் முடிபு தளர்ந்தது. இதனினும் வலிய சான்று பிறிதொன்றுண்டு: முரளிதரன் ஆடத் தொடங்குமுன் இலங்கை வென்ற டெஸ்டுகள் இரண்டே, 1985இல் இந்தியாவையும் 1986இல் பாகிஸ்தானையும் வென்றவை.

அணி முழுவதும் எங்ஙனம் தடுக்கின்றது என்பதை 1998 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நிகழ்ந்த போட்டி நன்கு காட்டும். நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். இங்கிலாந்து 445 ஓட்டங்கள் குவித்தது, முரளிதரன் 59.3 ஓவர்களில் 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். அவ்வேளை ஆட்டத்தைக் கண்டோர் ரணதுங்கவின் முடிவைப் பழித்தனர். இலங்கை 591 எடுத்தது. சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152. இரண்டாம் முறை இங்கிலாந்து 181 ஓட்டங்களுக்குச் சுருண்டது. முரளிதரன் வீசிய ஓவர்கள் 54.2, ஓட்டமில்லா ஓவர்கள் 27, கொடுத்த ஓட்டம் 65, விக்கெட் 9. எஞ்சிய ஒருவர், அலெக் ஸ்ரூவட், ஓடி ஆட்டமிழந்தார். மொத்தம் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். முதலில் ஆடியிருப்பின் முரளிதரனுக்கு இரு ஆட்டங்களுக்கிடையே ஓய்வு கிட்டாமற் போயிருக்கலாமென ரணதுங்க கருதியதாகக் கூறுவர். அவர் கணித்தது சரியே: ஜயசூரியவும் டி சில்வாவும் நீண்ட நேரம் ஆடியதால் பந்துவீச்சாளரின் தோளுக்கு ஓய்வு கிட்டியது. துடுப்பாட்டம் தடுப்புக்குத் துணைபோதல் என்பது இதுவே. எந்த அட்டவணையும் இதனைக் காட்டாது.

இனி அஸ்கிரிய நிகழ்ச்சி. திரித்துவக் கல்லூரிக்குரிய அம்மைதானத்தில் முரளிதரன் ஆடிய 16 டெஸ்டுகளில் 117 விக்கெட்டுகள் பெற்றார், சராசரி 16.03. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது வீழ்ந்த ஒன்பது விக்கெட்டுகளும் அவருடையனவே. அதுவரை 1956இல் ஜிம் லேக்கரும், 1999இல் அனில் கும்ப்ளேயும் மாத்திரம் எய்தியிருந்த பத்து விக்கெட் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மறுநாட் காலை முரளிதரன் வீசிய பந்தில் எழுந்த பிடி ஒன்றை அருகில் நின்ற ரசல் ஆர்னால்ட் தவறவிட்டார். சிறிது நேரத்தில் மறுமுனையில் வாஸ் வீசிய பந்து ஒலொங்காவின் துடுப்பில் உராய்ந்து விக்கெட் காப்பாளர் கைக்குச் சென்றது. மதிப்பேட்டில் முரளிதரனின் பெயருக்கு நேரே 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் என்று மட்டுமே எழுதப்பட்டது. ஆர்னால்டின் கையிலிருந்து நழுவிய பிடிக்கு அங்கு வரி இல்லை. சாட்விக்கின் அட்டவணை இருந்திருப்பின் அது பதியப்பட்டிருக்கும். கேட்பவர் அனைவருக்கும் இன்று நினைவாற்றலே ஏடாக உள்ளது.

மறுபக்கமும் உண்டு. முரளிதரனின் பந்தில் மஹேல ஜயவர்தன பிடித்த பிடிகள் மாத்திரம் 77. டெஸ்ட் வரலாற்றில் விக்கெட் காப்பாளரல்லாத ஒரு களத்தடுப்பாளரும் ஒரு பந்துவீச்சாளரும் சேர்ந்து இத்துணை விக்கெட் வீழ்த்தியதில்லை. எண்ணூற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஒருவர் கையைச் சார்ந்தது. அந்த 77ஐ யாருடைய கணக்கிற் சேர்ப்பது? கிரிக்கெட்டின் மரபு இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதி அமைகின்றது. அமெரிக்க ஆய்வாளர் நுண்கருவி கொண்டு பங்குபிரிக்க முயல்கின்றனர். மரபின் வழியே இங்கு நயமுடையது எனத் தோன்றுகின்றது.

முரளிதரனின் வரலாற்றில் எண்கள் ஆற்றிய மற்றொரு பணி இவையெல்லாவற்றினும் பாரதூரமானது. 1995 டிசம்பர் 26இல் மெல்பேணில், நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழுமுறை அவர் பந்தை எறிகின்றார் எனத் தீர்ப்பளித்தார். அடுத்த மாதம் பிறிஸ்பேணிலும் 1999 ஜனவரியில் அடெலெயிடிலும் நடுவர் ரோஸ் எமர்சன் அவ்வாறே செய்தார். ஒருவனுடைய தொழில் முழுவதையும் கண்ணாற் கண்ட தோற்றம் ஒன்றினால் அழிக்கவல்ல தீர்ப்பு அது. பிறவியிலேயே முழங்கையை முற்றாக நிமிர்த்த இயலாதவர் முரளிதரன். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் 1996இல் நிகழ்ந்த ஆய்வுகள், எறிவது போலக் காண்பது கண்ணின் மயக்கமென்று காட்டின. 2004இல் அவரது புதிய பந்தொன்று மீண்டும் ஐயத்துக்குள்ளாயிற்று; அளந்தபோது கை நிமிர்வு ஏறத்தாழ 14 பாகை எனவும், திருத்தப் பயிற்சியின் பின் ஏறத்தாழ 10 பாகை எனவும் தெரிந்தது. அக்காலத்தில் சுழற்பந்துக்கு விதித்த எல்லை 5 பாகை. வேகப்பந்துக்கு 10 பாகை. பின்னர் பிறர் கைகளையும் அதே கருவியால் அளந்தபோது, மிகப் பெரும்பாலான பந்துவீச்சாளர் ஓரளவு கையை நிமிர்த்தியே வீசுகின்றனர் என்பது வெளிப்பட்டது; குற்றமற்றோர் எனப் போற்றப்பட்டோரும் அதற்கு விலக்கல்லர். 2005 மார்ச்சு முதல் எல்லை அனைவருக்கும் 15 பாகையாயிற்று. முரளிதரனுக்காகவே சட்டம் வளைக்கப்பட்டதென்பார் உளர். அளவுகோல் ஒருவன் மேல் மாத்திரம் வைக்கப்பட்டிருந்தவரை அவன் குற்றவாளியாகத் தோன்றினான். அனைவர் மேலும் வைக்கப்பட்டதும் நிலை மாறிற்று என்பதே நிகழ்ந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்த பெருந்தொகையான மலையகத் தமிழர் எண்ணப்படாத மக்களாய் நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்தம் வழியில் வந்த ஒருவரின் பெயரோடு உலகம் முழுவதும் நாள்தோறும் எண்கள் எழுதப்பட்டமையைத் தோட்டத்துப் பிள்ளைகள் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதைப் புள்ளிவிபரம் சொல்லாது.

2007 டிசம்பர் 3இல் அஸ்கிரியவில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி, வோர்னின் 708ஐ முரளிதரன் கடந்தார். அம்மைதானத்தில் நிகழ்ந்த இறுதி டெஸ்டும் அதுவேயாயிற்று. கண்டிப் பகுதியின் டெஸ்ட் போட்டிகள் 2010இலிருந்து பல்லேகலையில் நிகழலாயின. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராக ஆடப்புகுந்தபோது அவர் கணக்கு 792. அப்போட்டியோடு ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்திருந்தார். முதல் ஆட்டத்தில் 63 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். இரண்டாம் ஆட்டத்தில் மேலும் இரண்டு கிடைத்த பின் கணக்கு 799இல் நின்றது. ஒன்பதாவதாக லக்ஷ்மண் ஓடி ஆட்டமிழந்தார். ஆகவே எஞ்சியது ஒரே விக்கெட். மறுமுனையிற் பந்துவீசியோரில் யாரேனும் அதனை வீழ்த்தியிருப்பின் எண்ணூறு என்னும் எண்ணே பிறந்திராது. 2002ஆம் ஆண்டின் அஸ்கிரியக் காலைப்பொழுது மீண்டும் வந்தது போன்ற நிலை. கடைசி இணையினர் நெடுநேரம் தாக்குப்பிடித்தனர். இறுதியில் பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் உராய்ந்த முரளிதரனின் பந்து அருகில் நின்ற ஜயவர்தனவின் கையிற் சென்று தங்கிற்று. இருவரும் சேர்ந்து பெற்ற எழுபத்தேழாவது பிடி அதுவே.